கேப்டனின் பார்ட்னர்

சாந்தோம் பெரிய கோவிலுக்குப் பின்னால் கடலைப் பார்த்து இறங்கும் சந்தில் நாலாவது வீடு கேப்டன் இக்னேஷியஸுடையது. 1971 ஜூன் மாதம் அந்த வீட்டு மாடிக்கு நாங்கள் குடிபோனோம். என் கணவர் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. மாதத்தில் இருபது நாள் வெளியூரில் இருப்பார். நான் பக்கத்தில் இருந்த பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். கேப்டனின் மகள் ஃப்ளோரன்ஸ் அதே பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். மாடி காலியாக இருக்கிறதென்று ஸ்டாஃப் ரூமில் அவள்தான் சொன்னாள்.

வீடு பார்க்கப் போன அன்று கேப்டன் என்னிடம் கேட்டது இரண்டே கேள்வி.

"தண்ணி காலையில ஒரு மணி நேரம்தான் வரும். சமாளிப்பியா?"

"சமாளிப்பேன் சார்."

"பிரிட்ஜ் ஆடத் தெரியுமா?"

"அப்பா, வீடு பார்க்க வர்றவங்களை எல்லாம் இப்படிக் கேட்டா யாருப்பா வருவாங்க?" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

"தெரியும்" என்றேன் நான்.

உண்மையாகவே தெரியும். ஜோலார்பேட்டை ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் நாலாவது ஆள் வராத சாயங்காலங்களில் அப்பா என்னை உட்கார்த்தி வைத்துவிடுவார். பன்னிரண்டு வயதிலிருந்து ஆடியிருக்கிறேன். கேப்டன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். வாடகையைப் பற்றி அதற்கப்புறம் பேச்சே வரவில்லை. ஃப்ளோரன்ஸ்தான் என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டு, வாடகை எவ்வளவென்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

கேப்டனுக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. மனைவி பியாட்ரிஸ் இறந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. ஒடிசலான உயரம். இடது காலில் இரண்டு விரல் கிடையாது. ஜப்பான்காரனோடு நடந்த சண்டைக் காலத்தில் டிமாப்பூரிலிருந்து இம்பாலுக்குச் சரக்கு லாரிகளைக் கூட்டிக்கொண்டு போகும் பிரிவில் இருந்தவர். சிப்பாயாகச் சேர்ந்து கேப்டனாக வெளியே வந்தவர். விரல்களை எடுத்த ராஞ்சி ஆஸ்பத்திரியில், பக்கத்துக் கட்டிலில் கிடந்த ஒரு மேஜரிடம் பிரிட்ஜ் கற்றுக்கொண்டார். காலை ஆறு மணிப் பூசைக்கு நடந்து போய்விட்டு வந்து, தன் சட்டையைத் தானே பெட்டி போட்டு, ஷூவுக்குத் தானே பாலிஷ் போடுவார். புதன்கிழமை மட்டும் வீட்டுக்குள்ளேயே ஷூ போட்டிருப்பார். அன்றைக்குத்தான் ஆட்டம்.

புதன் சாயங்காலம் நாலரை மணிக்கு முன் ஹாலில் மேஜை போட்டாகிவிடும். மேற்கு ஜன்னல் வெயில் முகத்தில் அடிக்காமல் ஃப்ளோரன்ஸ் ஒரு பழைய பெட்ஷீட்டைத் தொங்கவிடுவாள். முதலில் வருவது அல்போன்ஸ், பியாட்ரிஸின் தம்பி. பள்ளி டிரில் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஆர்மோனியம் வாசிப்பவர். அடுத்தது கோதண்டபாணி. மயிலாப்பூர் சித்திரக்குளத்துப் பக்கம் வீடு. ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர். குடையைக் கம்பியில் மாட்டிவிட்டுக் காலைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே வருவார். கேப்டனும் அவரும் 1949-லிருந்து பார்ட்னர்கள். அல்போன்ஸோடு ஆடிக்கொண்டிருந்தவர் பெங்களூருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். அந்த இடம் எனக்குக் கிடைத்தது.

பிரிட்ஜ் தெரியாதவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நாலு பேர், எதிரெதிரே உட்காருகிற இரண்டு பேர் ஒரு கட்சி. பார்ட்னர் கையில் என்ன இருக்கிறதென்று அவர் முறைப்படி கூறும் ஏலத்திலிருந்தும் இறக்கும் சீட்டிலிருந்தும்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணைக் காட்டுவதோ, செருமுவதோ, முனகுவதோ கூடாது. அது திருட்டு. ஒருவர் ஸ்பேட் இறக்கினால், கையில் ஸ்பேட் இருக்கிறவரை எல்லாரும் ஸ்பேட்தான் போட வேண்டும். இருந்தும் வேறு போட்டால் தண்டனை உண்டு. ஆட்டமே இந்த நேர்மையின் மேல்தான் நிற்கிறது.

கேப்டனுக்கு வாழ்க்கையும் அப்படித்தான். சண்டைக் கதை சொல்ல மாட்டார். ஒரே ஒரு முறை, மழைக்காக ஆட்டம் முடிந்தும் எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது சொன்னார். அவர் பிரிவில் சவரிமுத்து என்று ஒருவன், இதே சாந்தோம்காரன், கூடப் படித்தவன். கிடங்கிலிருந்த கொயினா மாத்திரைகளை வெளியே விற்றுவிட்டுக் கணக்கில் இருப்பதாக எழுதி வைத்திருந்தான். மாத்திரை கேட்டு ஆள் அனுப்பியபோது கிடங்கு காலி. மலேரியாவில் நாலு டிரைவர்கள் போய்விட்டார்கள். விசாரணையில் அவனுக்கு எதிராகச் சாட்சி சொன்னது கேப்டன்.

"அவங்க அம்மா சாகுற வரைக்கும் என்னைக் கண்டா ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போயிடும். பதினேழு வருஷம்" என்றார்.

"வருத்தம் இல்லையா அத்தான்?" அல்போன்ஸ் கேட்டார்.

"வருத்தம் வேற. கூட உக்கார்ந்து சாப்பிட்டுட்டு ஏமாத்துறவன் பக்கத்துல திரும்ப உக்கார முடியாதுப்பா. என்னால முடியாது."

கோதண்டபாணி ஃப்ளோரன்ஸ் கொண்டுவந்த வாழைப்பூ வடையை எடுத்துக்கொண்டார். அவருக்காக அந்த வீட்டில் தனி வாணலி இருந்தது. மற்ற எங்களுக்குக் கட்லெட்.

முதல் பிசகு 1973 கோடையில் நடந்தது. டைமண்ட் சுற்றில் கேப்டன் கையில் டைமண்ட் இருந்தும் ஸ்பேடைப் போட்டார். அடுத்த சுற்றிலேயே அந்த டைமண்ட் வெளியே வந்தது. சட்டப்படி நானோ அல்போன்ஸோ சொல்ல வேண்டும். அல்போன்ஸ் என்னைப் பார்த்தார். நான் சீட்டைப் பார்த்தேன். வயசானவர், கண்ணாடி மாற்ற வேண்டும் போல என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை.

அப்புறம் அது மாதம் ஒரு முறை, பிறகு வாரம் ஒரு முறை என்றானது. எது துருப்பு என்பதை நடு ஆட்டத்தில் மறந்துவிடுவார். சீட்டை எடுக்கப் போன கை நடுவில் நிற்கும். அந்த நேரம் பார்த்துக் கோதண்டபாணி தனக்குத்தானே பேசுகிறவர்போல "ஹார்ட் துருப்பு... ம்ம், ஹார்ட்டு" என்று முனகுவார். கேப்டனின் கை சரியான சீட்டுக்குப் போய்விடும். அது உதவி என்று அவருக்குத் தெரியாது. தனக்கே ஞாபகம் வந்ததாக நினைத்துக்கொள்வார். எதிர்க்கட்சியான நானும் அல்போன்ஸும் காதில் விழாதவர்கள்போல உட்கார்ந்திருப்போம்.

ஒருநாள் கோதண்டபாணி கிளம்பும்போது கேட்வரை கூடப் போனேன்.

"சார், ஃப்ளோரன்ஸ்கிட்ட சொல்லி ஒரு டாக்டரைப் பார்க்கலாமா?"

"டாக்டர் என்னம்மா பண்ணுவார்? என் அண்ணாவுக்கு வந்தது. நாலு வருஷம் பாத்தேன். தெரிஞ்சுட்டா மனுஷன் அன்னியோட உடைஞ்சு போயிடுவார். இன்னும் கொஞ்ச நாள் தெரியாமயே இருக்கட்டுமே. நான் பாத்துக்கறேன்."

"எவ்வளவு நாள் சார்?"

குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். மழை இல்லை, வெயிலும் தாழ்ந்துவிட்டிருந்தது.

தியாகராய நகரில் ஒரு கிளப்பில் ஆண்டுதோறும் செப்டம்பரில் ஜோடிப் போட்டி நடக்கும். கேப்டனும் கோதண்டபாணியும் அந்தக் கோப்பையை மூன்று தடவை வாங்கியவர்கள். 1974-இல் போக வேண்டாம் என்று கோதண்டபாணி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். தன் கண் சரியில்லை என்றார், ஆத்தில் விசேஷம் என்றார்.

"பாணி, பயமா இருக்குன்னு சொல்லு, விட்டுடறேன்" என்று கேப்டன் சிரித்தார். பெயர் கொடுத்தாகிவிட்டது. நானும் அல்போன்ஸும்கூட ஒரு ஜோடியாகக் கொடுத்திருந்தோம்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். ஹாலில் பதினாறு மேஜை. மின்விசிறிகள் சுற்றும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. எங்கள் மேஜையிலிருந்து இரண்டு மேஜை தள்ளிக் கேப்டன் வெள்ளை முழுக்கைச் சட்டையும் டையுமாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மூன்றாவது ரவுண்டில் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்த வக்கீல் கையைத் தூக்கினார். போட்டியை நடத்துகிறவர் வந்தார். இளம் வயதுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார்.

"என்ன சார் விஷயம்?"

"இவர் முனகறார்" என்றார் வக்கீல், கோதண்டபாணியைக் காட்டி. "மூணு தடவை. ஒவ்வொரு தடவையும் முனகின சீட்டைத்தான் இவர் பார்ட்னர் போடறார். முதல் தடவை சும்மா விட்டேன்."

ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் எழுந்துவிட்டேன். போட்டியை நடத்துகிறவர் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். ஆனால் அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்டது.

"சார், உங்க பார்ட்னருக்கு ஞாபகம் தப்புதா? அதுக்காக நீங்க எடுத்துச் சொன்னீங்கன்னா அது வேற விஷயம். வயசானவங்க, நாங்க புரிஞ்சுக்குவோம். ஆட்டத்தைவிட்டு மரியாதையா ஒதுங்கிக்கலாம். அப்படி இல்லேன்னா இது சிக்னல். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

கோதண்டபாணி எதிரே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். கேப்டன் ஒன்றும் புரியாமல், சீட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, தன் பார்ட்னர் இதற்கு என்ன பதில் சொல்லப் போகிறார் என்ற நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். கோதண்டபாணி என் பக்கம் திரும்பி மெல்லத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

"அவருக்கு ஞாபகமெல்லாம் நன்னாத்தான் இருக்கு" என்றார். "சிக்னல்தான். நானாப் பண்ணினது. கேப்டனுக்குத் தெரியாது."

கேப்டன் தன் சீட்டுகளை ஒன்றாக அடுக்கிக் கவிழ்த்து வைத்தார். எழுந்து நின்று வக்கீலிடமும் அவர் ஜோடியிடமும் "மன்னிக்கணும்" என்றார். போட்டியை நடத்துகிறவரிடம் "என் பேரையும் எடுத்துடுங்க" என்றார். கடைசியாகத்தான் கோதண்டபாணியைப் பார்த்தார்.

"எத்தனை வருஷமா?"

கோதண்டபாணி குனிந்து குடையை எடுத்துக்கொண்டார்.

"அந்த மூணு கோப்பையும் இப்படித்தானா?"

"இல்லை கேப்டன்."

"இனி என் வீட்டுப் படி ஏறாதே."

நாங்கள் மூன்று பேரும் டாக்சியில் திரும்பினோம். லஸ் முனையில் வண்டி நின்றபோது அல்போன்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கேப்டன் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

மறுநாள் கிளப்புக்குக் கடிதம் எழுதினார். தன் பார்ட்னர் செய்ததற்குத் தானும் பொறுப்பென்றும், மூன்று கோப்பைகளையும் திருப்பி அனுப்புவதாகவும். கடிதத்தை என்னிடம் காட்டினார். அடித்தல் திருத்தல் இல்லாத எழுத்து. தேதி மட்டும் 1947 என்று போட்டிருந்தார். நான் சொல்லவில்லை. ஃப்ளோரன்ஸ் வேறு தாளில் தட்டச்சு செய்து கையெழுத்து வாங்கினாள்.

அவளிடம் நான் உண்மையைச் சொன்னது ஒரு வாரம் கழித்து. பின்கட்டில் அவள் மத்தி மீனைச் சாம்பல் தொட்டுச் செதில் தேய்த்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடிக்கும்வரை தலை நிமிரவில்லை. கை மட்டும் அதே மீனையே தேய்த்துக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியும் நீரஜா. அப்பா என்னை அம்மா பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பிச்சு ஆறு மாசம் ஆச்சு. நாக்குத் தவறுதுன்னு நினைச்சுக்கிட்டேன். நினைச்சுக்கிட்டேன்னா, அப்படியே இருக்கட்டும்னு வேண்டிக்கிட்டேன்."

"கோதண்டபாணி சார் பாவம், ஃப்ளோரன்ஸ்."

"அப்பாகிட்ட சொல்லிடணும்."

"என்னன்னு சொல்லுவே?"

அவள் மீனைக் கழுவினாள். மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவினாள். பிறகு "யாரும் பொய் சொல்லலைப்பா, உங்க தலைதான் பொய் சொல்லுதுன்னு சொல்லணுமா?" என்றாள்.

அல்போன்ஸ் சொல்லியே தீருவதென்று ஒருநாள் வந்தார். கேப்டன் முற்றத்தில் ஸ்டூல் போட்டு ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். ஒற்றை ஷூவையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார். மற்றது சேறு காய்ந்தபடி பக்கத்தில் கிடந்தது. அல்போன்ஸ் அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அந்த இன்னொரு ஷூவை எடுத்துத் துடைத்து வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

மேஜை அதற்கப்புறம் விரிக்கப்படவில்லை. புதன்கிழமை ஷூ போடுவதை மட்டும் கேப்டன் விடவில்லை.

1975 கோடையில் ஊரில் தண்ணீர் இல்லை. தெருமுனைக்கு லாரி வரும். ஃப்ளோரன்ஸ் நாலரை மணிக்கே குடங்களோடு வரிசையில் போய் நிற்பாள். அப்படி அவள் போயிருந்த ஒரு விடியற்காலையில் கேப்டன் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார். நானும் அவளும் கோவில், கடற்கரை, மார்க்கெட் என்று ஓடினோம். ஏழு மணிக்கு ரிக்ஷாக்காரர் கன்னியப்பன் அவரைத் தன் வண்டியில் உட்கார்த்திக் கூட்டிவந்தார்.

"மேடம், இது உங்கூட்டுப் பெருசுதானே? அந்தாண்ட குப்பத்து மணல்ல குந்திகினு இருந்தாரு. லாரி எங்க, லாரி எங்கன்னு கேட்டுகினே கீறாரு. இன்னா லாரி நைனா, தண்ணி லாரியான்னா, சொல்ல மாட்டேன்றாரு. கால்ல செருப்பு கூட இல்ல, பாரு."

ஃப்ளோரன்ஸ் அவர் காலைக் கழுவினாள். சிப்பி கிழித்த இடத்தில் ரத்தம் உறைந்திருந்தது.

"பதினோரு வண்டி கிளம்பிச்சு பியாட்ரிஸ். எட்டுதான் வந்திருக்கு" என்றார் கேப்டன்.

"வந்துடும்ப்பா."

"நீ எண்ணிப் பார்."

"எண்ணிட்டேன். வந்துடும்."

அன்றிலிருந்து வெளிக்கதவுக்குப் பூட்டுப் போட்டாள். சாவி அவள் கழுத்துச் செபமாலையோடு தொங்கியது. பள்ளிக்கூட நேரத்தில் பார்த்துக்கொள்ள நாசரேத்துப் பக்கத்திலிருந்து வந்த பேச்சியம்மாள் என்ற அம்மாளை வைத்தாள். மாலையில் வந்து சமையல், அவர் துணிகளைத் துவைப்பது, அப்புறம் கட்டுக்கட்டாகக் கட்டுரை நோட்டுகள் திருத்துவது. முப்பத்தெட்டு வயதில் அவள் காதோரம் முழுக்க நரைத்துவிட்டது.

அத்தனை மறந்தும் கேப்டன் ஒன்றை மறக்கவில்லை. முகங்கள் போய்விட்டன. பாதிரியாரைத் தெரியவில்லை, அல்போன்ஸைத் தெரியவில்லை. ஆனால் நடுநடுவே "பாணி ஏமாத்திட்டான்" என்பார். கஞ்சியை ஊட்டிக்கொண்டிருக்கும்போது பேச்சியம்மாளிடம் சொல்வார். "இருபத்தஞ்சு வருஷம் எதிர்ல உக்கார்ந்தவன். உள்ளே விடாதே."

"விடல ஐயா, நீங்க குடிங்க" என்பாள் அவள், பாணி யாரென்று தெரியாமலே.

1976 ஆகஸ்டில் ஃப்ளோரன்ஸ் என்னைக் கூட்டிக்கொண்டு சித்திரக்குளத்துக்குப் போனாள். கோதண்டபாணி இளைத்திருந்தார். கிளப்பில் நடந்தது மயிலாப்பூர் முழுக்கத் தெரிந்திருந்தது. மாலையில் பூங்காவில் கூட உட்காருகிறவர்கள்கூட அவரோடு சீட்டாடுவதில்லை என்று அவர் மனைவி உள்ளேயிருந்து சொன்னார்.

"அங்கிள், அப்பா எப்பவும் சீட்டு எங்கேன்னு தேடுறார். கையில கொடுத்தா எதிர்ல யாரும் இல்லைன்னு வச்சிடுறார். உங்க முகம் தெரியாது இப்ப. வேற பேர் சொல்லிக்கிட்டு வந்து உக்காருங்க அங்கிள். எனக்காக."

கோதண்டபாணி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு "என்ன பேர்?" என்றார்.

ரகுபதி என்ற பெயரில் அவர் மூன்று புதன்கிழமைகள் வந்தார். பெட்ஷீட்டைத் தொங்கவிட்டோம், மேஜையைப் போட்டோம். கேப்டன் அவரோடு கைகுலுக்கி "உக்காருங்க மிஸ்டர் ரகுபதி" என்றார். அதை ஆட்டம் என்று சொல்ல முடியாது. சீட்டைப் பிரித்துக் கொடுப்போம். கேப்டன் கைக்கு வந்ததைப் போடுவார். அதற்கேற்றபடி நாங்களும் போடுவோம். ஆனால் அவர் முதுகு நிமிர்ந்திருந்தது. இரண்டு வருஷத்தில் முதல்முறையாக ஃப்ளோரன்ஸ் சமையல்கட்டில் ஏதோ பாட்டை முணுமுணுத்தாள்.

மூன்றாவது புதன்கிழமை ஆட்டம் நடுவில் கேப்டன் சீட்டிலிருந்து தலையைத் தூக்கிச் சொன்னார்.

"நீங்க நல்லாத்தான் ஆடுறீங்க. ஆனா முன்னே ஒருத்தன் இருந்தான், பாணின்னு. அவன் அளவுக்கு வராது."

"அப்படியா?"

"அப்படி ஒரு கை நான் பார்த்ததில்லை. கடைசியில ஏமாத்திட்டான்."

கோதண்டபாணி தன் சீட்டுகளைக் கீழே வைத்தார். தாகமாக இருக்கிறதென்று எழுந்து வந்து, சமையல்கட்டு வாசலில் நின்று ஃப்ளோரன்ஸிடம் சொன்னார்.

"நான் இப்படி வர முடியாதும்மா. அன்னிக்குக் கள்ளன்னு பேர் வாங்கிண்டது அவருக்காக. இது எனக்காகப் பண்றது. அவர் எதிர்ல உக்காரணும்கிற என் ஆசைக்காக. ஒருத்தரை அவர் ஆத்துக்குள்ள விடாதேங்கறார். அந்த ஆளே பேரை மாத்திண்டு வந்து வடை தின்னுண்டிருக்கான்."

"அங்கிள், அவருக்கு ஒண்ணும் தெரியாது."

"எனக்குத் தெரியறதே."

அடுத்த புதன்கிழமை வாசலில் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். கேப்டன் கையை நீட்டினார். கோதண்டபாணி அதைப் பிடிக்காமல் நேரே நின்று சொன்னார்.

"கேப்டன், நான் கோதண்டபாணி. பாணி."

முகம் தெரியாதவருக்குப் பெயர் தெரிந்தது. நீட்டிய கை கீழே இறங்கியது. வாசலைக் காட்டினார்.

"வெளியே போ."

"சரி கேப்டன்."

ஏழாம் நாள் மறுபடி வந்தார். அதே மாதிரி நின்றார், அதே மாதிரி பெயர் சொன்னார். அதே பதில். அதற்கடுத்த வாரமும் வந்தார். செப்டம்பர், அக்டோபர். மழை பிடித்துச் சந்து முழுக்க முழங்கால் தண்ணீர். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அதிலும் வந்தார். சில நாள் கேப்டன் கத்துவார். சில நாள் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருநாள் எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்துத் தள்ளினார். கோதண்டபாணி தடுமாறிக் கதவைப் பிடித்துக்கொண்டார். மொத்தம் இரண்டு நிமிஷம்தான் இருக்கும். அதற்காக ஒரு மைலுக்கு மேல் நடந்து வந்து, அதே தூரம் திரும்பி நடப்பார்.

"எதுக்கு சார் இப்படி?" என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். "நடந்ததை ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன். இப்ப சொன்னா அவருக்கு உறைக்கவும் உறைக்காது."

"உறைக்காதவர்கிட்ட சொல்லி என்னம்மா? உறைக்கிறப்ப சொல்ல எனக்கு மனசு வரலை." குடையை உதறினார். "திட்டறார் பாரு, நன்னாத் திட்டறார். அந்தக் குரல் அப்படியே இருக்கு."

சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்ததை நான் கவனித்தேன். அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

டிசம்பர் முதல் புதன்கிழமை. மழை விட்டு வானம் வெளுத்திருந்தது. கேப்டன் ஜன்னல் ஓரம் கம்பளிப் போர்வையோடு உட்கார்ந்திருந்தார். ஷூ போட அன்று அவர் கேட்கவில்லை. ஃப்ளோரன்ஸ் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கோதண்டபாணி உள்ளே வந்து நின்றார்.

"கேப்டன், நான் கோதண்டபாணி."

கேப்டன் நிமிர்ந்து பார்த்தார். மெல்லச் சிரித்தார்.

"வாங்க. உக்காருங்க."

ஃப்ளோரன்ஸின் கையிலிருந்து துண்டு நழுவியது. சிலுவை போட்டுக்கொண்டாள். "அங்கிள், அப்பா மன்னிச்சிட்டார்" என்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

கோதண்டபாணி உட்காரவில்லை. அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. ஒரு அடி கிட்டே வந்து, குனிந்து, இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

"பாணி, கேப்டன். பாணி. உங்க பார்ட்னர். கிளப்ல ஏமாத்தினேனே, அவன்."

"சந்தோஷம்" என்றார் கேப்டன். கையை நீட்டிக் குலுக்கினார். "உங்களுக்கு எந்த ஊர்?"

ஜன்னலுக்கு வெளியே யாரோ மீன் விற்றுக்கொண்டு போனார்கள். கோதண்டபாணி அந்தக் கையை விடாமல் நின்றார்.

"மயிலாப்பூர்" என்றார் கடைசியில்.

"நல்ல ஊர்."

மேஜையை இழுத்துப் போட்டோம். அன்று வந்திருந்த அல்போன்ஸ் சீட்டைப் பிரித்துக் கொடுத்தார். கேப்டன் பதின்மூன்று சீட்டையும் படம் வெளியே தெரிகிற மாதிரி எங்கள் பக்கம் விரித்துப் பிடித்துக்கொண்டு, யாராவது ஏதாவது செய்வார்கள் என்று காத்திருந்தார். கோதண்டபாணி எட்டி அந்தச் சீட்டுகளைப் பதமாகத் திருப்பி அவர் விரல்களுக்குள் வைத்தார். ஆட்டம் முடிந்து ஃப்ளோரன்ஸ் கொடுத்த காப்பியையும் குடித்தார்.

கேட்டைத் திறந்துவிட நான் போனேன். தெருவைப் பார்த்தபடி நின்றார்.

"அவருக்குக் கோபம் இருந்தவரைக்கும் நான் இருந்தேன் நீரஜா" என்றார். "வாரத்துல ரெண்டு நிமிஷமாவது இருந்தேன்."

கேப்டன் அடுத்த பிப்ரவரியில், பன்றிமலை வாழைப்பழம் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில் சத்தமில்லாமல் போனார். அதுவரை கோதண்டபாணி ஒரு புதன்கிழமையும் தவறாமல் வந்தார். காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வருவார், எதிரே உட்காருவார், சீட்டை எடுப்பார். பெயர் மட்டும் சொல்ல மாட்டார்.